விரல்மேல் பழி போடும் முன்: கிட்டார் கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து வருஷமாகக் கிட்டார் வாசிக்கும் நண்பன் ஒருவன் போன வாரம் என் பிளாஸ்டிக் கிட்டாரைக் கையில் வாங்கினான். கம்பிக்குப் பதில் ஐந்து வண்ணப் பட்டனும், ஸ்ட்ரம் பண்ண (மீட்டுவதுபோல் தட்ட) ஒரு கட்டையும் உள்ள கேம் கன்ட்ரோலர் அது. திரையில் வரும் நோட் கோட்டைத் தொடும்போது அதன் வண்ணப் பட்டனை அழுத்திக்கொண்டு ஸ்ட்ரம் பண்ண வேண்டும். ஐந்து பட்டன்தானே என்று நேராக, மிகக் கடினமான எக்ஸ்பர்ட் லெவலைத் தேர்ந்தெடுத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரையில் இருந்த கூட்டம் கூச்சல் போட்டு அவனை மேடையை விட்டு இறக்கிவிட்டது. "இது கிட்டாரே இல்லடா" என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தான். முதல் நாள் நான் சொன்னதும் இதே வசனம்தான்.

பட்டனை அழுத்தாமல் ஸ்ட்ரம் பண்ணுவது, தோள் பட்டையைத் தொளதொளவென்று விடுவது போன்றவை ரெண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேலிபரேஷன் செய்யாமல் ஆடுவது

கேலிபரேஷன் என்றால், டிவியின் தாமதத்தை அளந்து கேமுக்குச் சொல்லிவிடுவது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

இப்போதைய டிவிகள் படத்தைப் பளபளப்பாக்கிய பிறகுதான் திரையில் காட்டும். அந்த வேலைக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சினிமா பார்க்கும்போது சத்தமும் சேர்ந்தே தாமதிப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கேமில் அப்படி முடியாது. நோட் கோட்டைத் தொடும் நேரம் கன்சோலின் கணக்கில் ஒன்று, உங்கள் கண்ணுக்கு இன்னொன்று. 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 பீட்) பாட்டில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். அதை நாலாக உடைத்தால் 125. டிவி 100 மில்லிசெகண்ட் தாமதித்தால், நீங்கள் கிட்டத்தட்ட கால் பீட் பின்னால் நிற்கிறீர்கள். 2005இல் முதல் கிட்டார் ஹீரோ பிளேஸ்டேஷன் 2க்கு வந்தபோது பல வீடுகளில் பிக்சர் டியூப் டிவிதான். அதில் இந்தத் தாமதம் இல்லையென்றே சொல்லலாம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நோட் கோட்டைத் தொடும்போது அடித்தால் மிஸ் ஆகிறது, கொஞ்சம் முந்தி அடித்தால் விழுகிறது. சரி, முந்தி அடிப்போம் என்று நாலு மாசம் அப்படியே பழகினேன். கொடுமை என்னவென்றால், ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. திறமை வளர்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வளர்ந்தது கெட்ட பழக்கம். பிறகு ஒரு நாள் நண்பர்களோடு நிஜக் கிட்டாரில் உட்கார்ந்தபோது, ரெண்டாவது பாட்டிலேயே டிரம்ஸ் வாசித்தவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "டேய், எங்கள விட்டுட்டு எங்கடா ஓடுற?" பாடுகிறவன் இழுக்கிறான் என்று நான் சண்டை பிடித்தேன். போனில் பதிவு செய்து கேட்ட பிறகுதான் வாய் மூடியது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் பீட்டுக்கு ஒரு முடி முன்னால் விழுந்திருந்தது. அதைக் கழுவி எடுக்க, மெட்ரோனோமோடு (சீராகத் தாளம் தட்டும் கருவி) மல்லுக்கட்டி, பழகிய காலத்தைவிட அதிகக் காலம் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டியது பத்து நிமிஷ வேலை. முதலில் டிவியில், படத்தை மெருகேற்றும் வேலையைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் கேலிபரேஷன். முன்னால் செய்தால் அந்த எண் செல்லாது. சத்தத்துக்கான அளவை எடுக்கும்போது, அதாவது டிக் சத்தத்துக்கு ஏற்ப அடிக்கும்போது, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். படத்துக்கான அளவை எடுக்கும்போது சத்தத்தை அணைத்துவிடுங்கள். ரெண்டையும் கலந்தால் காது கண்ணுக்குச் சாடை காட்டிவிடும். மூன்று முறை எடுத்துப் பாருங்கள். எண்கள் நெருங்கி வந்தால் சரி. ஆளுக்கொரு திசையில் போனால் நீங்கள் டிக் சத்தத்தைக் கேட்டு அடிக்கவில்லை, ஊகித்து அடிக்கிறீர்கள். டிவியோ ஸ்பீக்கரோ மாறினால் மறுபடி முதலிலிருந்து. புளூடூத் ஹெட்போனைத் தொடவே தொடாதீர்கள், அதுவும் சத்தத்தைத் தாமதிக்கும்.

நோட் வேகத்தைக் குறைப்பது

மெதுவாக வந்தால் எளிது என்று தோன்றும். பாட்டின் வேகம் மாறப்போவதில்லை, நோட்டுகள் திரையில் ஊர்ந்து வருவது மட்டும்தான் மாறும். ஊர்ந்து வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, இடியாப்பம் மாதிரி சிக்கிக் கிடக்கும். வேகத்தைக் கூட்டினால் இடைவெளி விரியும், படிக்க முடியும். முதல் பத்து நிமிஷம் பதறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீடியத்திலேயே குடியிருப்பது

மீடியம் லெவலில் நாலு பட்டன்தான். ஐந்தாவதான ஆரஞ்சு, அடுத்த லெவலான ஹார்டில்தான் வரும். நாலு விரலை நாலு பட்டனில் ஆணியடித்து வைத்துப் பழகியவனுக்குக் கை நகரவே நகராது. தோற்றாலும் ஹார்டுக்குப் போங்கள்.

ஸ்டார் பவரைப் பதுக்குவது

ஸ்டார் பவர் என்பது சேர்த்துவைத்து, வேண்டும்போது ஸ்கோரை இரட்டிப்பாக்கும் சக்தி. பாட்டு முடிந்துவிடும். செலவழியுங்கள்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லா நோட்டுக்கும் ஸ்ட்ரம் பண்ணுவது

வேடிக்கை என்னவென்றால், ஹேமர்-ஆன், புல்-ஆஃப் (மீட்டாமல் இடதுகை விரலாலேயே சுரம் எழுப்புவது) எல்லாம் விரலில் ஊறியவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கைக் கண்டதும் எல்லாம் மறந்துபோகிறது. பளிச்சென்று மின்னும் நோட்டுகளுக்கு முந்தைய சாதாரண நோட்டை மட்டும் ஸ்ட்ரம் பண்ணினால் போதும், மின்னுவதைப் பட்டனிலேயே தட்டலாம். தனி நோட்டுகளில் கீழ்ப் பட்டனிலிருந்து விரலை எடுக்கவும் வேண்டாம். பச்சையை அழுத்திக்கொண்டே சிவப்பைத் தட்டினால் சிவப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரே கம்பியில் ரெண்டு விரல் வைத்தால் கிட்டாரின் உடலுக்கு நெருங்கிய விரலின் சுரம்தானே ஒலிக்கும்? அதே நியாயம்தான் இங்கேயும். ஒரே நேரத்தில் பல நோட்டு வரும் கார்டில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

தெரிந்த பாட்டு என்றால் இன்னும் மோசம். கை தனக்குத் தெரிந்ததை வாசிக்கப் போகும். சார்ட்டில் (திரையில் வரும் நோட்டு வரிசை) இருப்பதை வாசியுங்கள், உங்கள் நினைவில் இருப்பதை அல்ல.

நிஜக் கிட்டாரை மாட்டிவிட்டு டிவி ஸ்பீக்கரில் கேட்பது

2011இல் யூபிசாஃப்ட் கொண்டுவந்த ராக்ஸ்மித் மாதிரி கேம்களில் நிஜ எலக்ட்ரிக் கிட்டாரையே யூஎஸ்பி கேபிளில் மாட்டலாம். இங்கே கேலிபரேஷனால் முழுதாகக் காப்பாற்ற முடியாது. பட்டன் கேமுக்குப் பாட்டு முழுவதும் முன்பே தெரியும். படத்தையும் சத்தத்தையும் முன்பின் நகர்த்தி ஈடுகட்டிவிடும். நீங்கள் இப்போது மீட்டுகிற கம்பியை முன்கூட்டியே ஒலிக்க வைக்க எந்த செட்டிங்காலும் முடியாது. எனவே சத்தம் டிவிக்குள் போய்ச் சுற்றி வரக்கூடாது. முடிந்தால் கம்ப்யூட்டரிலிருந்தே வயர் ஹெட்போனுக்கு எடுங்கள்.

அந்த நண்பன் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறான், இந்தமுறை தன் சொந்தக் கிட்டாரோடு. டிவி ரிமோட்டை ஒளித்துவைத்துவிட்டு, வயர் ஹெட்போனை மேஜைமேல் வைத்திருக்கிறேன்.