பிளாட்டில் கைக்குழந்தையா? முதலில் உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸைப் பிடியுங்கள்

மூத்தவள் பிறந்தபோது வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா யாழ்ப்பாணத்தில் அப்பாவின் வருத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா. சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தர ஆளில்லை. பிரசவம் தனியாரில், தடுப்பூசியும் தனியாரில். காசு கொடுக்காமலே மிட்வைஃப் மிஸ், அதாவது அந்த இடத்து அரச மருத்துவிச்சி, வீடு தேடி வந்து பிள்ளையையும் என்னையும் பார்ப்பா என்பது எனக்குத் தெரியாது. ஊரில் என்றால் மிட்வைஃப் படலையடியில் நின்று கூப்பிடுவா. பிளாட்டுக்கு எந்தப் படலை? சின்னவனோடு கொஞ்சம் விவரமாகிவிட்டேன்.

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும், முடிந்தால் 8 வாரத்துக்குள், பதிந்துவிடுங்கள். கொழும்பு நகருக்குள் என்றால் மாநகரசபையின் தாய் சேய் கிளினிக். தெஹிவளைப் பக்கம் என்றால் அந்த இடத்து எம்.ஓ.எச். ஒபிஸ், அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகம். எல்லை கொஞ்சம் சிக்கல், பக்கத்துத் தெருக்காரிக்கு ஒன்று, உங்களுக்கு வேறொன்றாக இருக்கலாம். ஆகவே உங்கள் ஒழுங்கையிலேயே கைக்குழந்தை வைத்திருக்கிற ஒருத்தியிடம் கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் கிராம சேவகரிடம் போங்கள். தனியார் டொக்டரிடம் காட்டுகிறவர்களும் பதியலாம். "கிளினிக் எல்லாம் வசதியில்லாத ஆக்களுக்கு" என்று எங்கள் மாமி சொன்னதைக் கேட்டுத்தான் மூத்தவளோடு நான் போகவில்லை. அந்த வாங்கில் வங்கி மனேஜரும் இருப்பா, மீன் விற்கிறவரின் மனைவியும் இருப்பா.

பதிந்த பிறகு செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கீழே செக்யூரிட்டி ஐயாவிடம், "மிட்வைஃப் மிஸ் வந்தால் மேலே விடுங்கோ" என்று சொல்லி வையுங்கள். எங்கள் மிஸ் முதல்தரம் வந்து வாசலோடு திரும்பிப் போனவ. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும் அவவுக்குப் போன் எடுங்கள். முதல் 10 நாளுக்குள் வரவேண்டிய வருகைதான் பெரிய விசயம். தொப்புள், மஞ்சள் நிறம், உங்கள் தையல், பால் குடிக்கிற விதம் எல்லாம் பார்ப்பா. கேள்விகளை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். நித்திரையில்லாத மூளைக்கு ஒன்றும் ஞாபகம் வராது. சிங்களம் தடுமாறினால் பக்கத்து வீட்டு அக்காவை அந்த அரை மணித்தியாலம் கூப்பிட்டு வையுங்கள்.

பால் விசயத்தில் மட்டும் சுற்றியுள்ளவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். "பால் காணாது, பால்மாவைக் கரை" என்பார்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். சின்னவனுக்கு இரண்டாம் கிழமை எனக்கு மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது. காசல் வீதி, டி சொய்சா போன்ற பெரிய அரச மகப்பேற்று வைத்தியசாலைகளில் இதற்கென்றே பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று ஒரு மிஸ் என் கையைப் பிடித்துத் திருத்தினா. அவ்வளவுதான், அன்றிரவே வித்தியாசம் தெரிந்தது.

பிள்ளையின் ஊசி, வளர்ச்சி எல்லாம் பதிய, ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று ஒரு கொப்பி தருவார்கள். தமிழில் கேட்டு வாங்குங்கள். 2, 4, 6, 9, 12, 18 மாதங்களில் ஊசி இருக்கும். தனியாரில் போட்டாலும் அதே கொப்பியில் பதிவிக்க வேண்டும். கொப்பியில் இருக்கிற நிறைக் கோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோட்டுக்குக் கீழே இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். அது மேலே ஏறாமல் படுத்துவிட்டால்தான் கேட்க வேண்டும். நிறை குறைந்தால் திரிபோஷ என்ற சத்துமா கிடைக்குமா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருட்டினால் மூத்தவளும் பங்கு கேட்பாள்.

பிறப்புப் பதிவை 42 நாளுக்குள் முடியுங்கள். விவாகச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பிள்ளையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு எழுத்துப் பிழை பிறகு பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் வரை துரத்தும்.

இனி, சொல்லக் கூச்சமான விசயம். மூத்தவள் பிறந்து ஆறாம் கிழமை, அவள் அழ அழ நான் கதவுக்கு வெளியே படிக்கட்டில் போய் இருந்தேன். பிள்ளையைத் தூக்க மனமே வரவில்லை. சோம்பல் என்று என்னையே ஏசிக்கொண்டேன். அப்படி இருந்தால் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அவவுக்கு இது புதிதல்ல. இரவென்றால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனேயே கேளுங்கள். பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றால் 1929, வீட்டில் உங்களுக்கு அடி விழுகிறதென்றால் 1938. நான்கையும் ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன், என் கணவருக்கும் தெரியவேண்டும் என்றுதான்.

கிளினிக் நாளில் நேரத்தோடு போங்கள். கொப்பி, இரண்டு துவாய், மாற்றுச் சட்டை, உங்களுக்கு ஒரு பனிஸ். பக்கத்தில் இருக்கிறவவின் நம்பரை வாங்காமல் எழும்பாதீர்கள். எனக்கு அப்படிக் கிடைத்தவதான் பாமன்கடை ரஞ்சி. இன்றைக்குப் பின்னேரம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அவ வீட்டில்தான்.