தாய் தந்தையை இழந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மாதம் ரூ.4,000 பெறுவது எப்படி?

பாட்டி, சித்தி என உறவினர் வீட்டில் வளரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் ரூ.4,000 ஆதரவுத்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000 தாண்டக் கூடாது.

முதலில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்குங்கள். பெற்றோரின் இறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் படிப்புச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவில் வேறொன்று இருந்தால் மனு திரும்பி வரும். ஆதாரை முதலில் திருத்துங்கள். கணக்கோடு ஆதாரை இணைத்தாயிற்றா என்று வங்கியிலேயே கேட்டுவிடுங்கள்.

பிள்ளை 30 நாளுக்கு மேல் பள்ளிக்கு வராவிட்டால் உதவி நிறுத்தப்படலாம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு இதில் விலக்கு உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை. அதற்காகவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை மனுவோடு சேர்த்துவிடுங்கள். அட்டையில் ஊனம் 40 சதவீதமோ கூடுதலோ இருந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தனி உரிமை.