எந்த மாதம், எத்தனை மீட்டர்: ஆல்ப்ஸ் கிராமத்தில் வீடு பிடிக்கும் முன்

பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்துவிடும். உறவுக்காரர்கள், நண்பரின் நண்பர், யாரோ ஒருவரின் மாமனார் என்று வரிசையாக வாட்ஸ்அப்பில் ஒரு மரவீட்டுப் படத்தை அனுப்பி "இந்த இடம் எப்படி? புக் பண்ணிடலாமா?" என்று கேட்பார்கள். ஜன்னலோரம் சிவப்புப் பூ, பின்னால் பனிமலை, முன்னால் ஒரு மாடு. எல்லாப் படமும் அதேதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த மாதம்? பாதிப் பேர் மே என்பார்கள். அங்கே தொடங்கும் எனக்குத் தலைவலி.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், விசாவுக்குச் சீக்கிரம் விண்ணப்பியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். எந்தக் கிராமத்தில் தங்குவது என்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் பேசுவோம். உதாரணத்துக்கு சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். நம் ஆட்கள் அதிகம் போவதும் அங்கேதான், எனக்கு நன்றாகத் தெரிந்ததும் அதுதான்.

வரைபடம் முழுக்கத் தட்டையாக இருப்பதால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். இன்டர்லாக்கன் நகரம் 570 மீட்டர் உயரத்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் லவுட்டர்புருன்னன், சுமார் 800 மீட்டர், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். கிழக்குச் சுவருக்கு மேலே வெங்கன், 1,274 மீட்டர். மேற்குச் சுவருக்கு மேலே முர்ரன், ஏறக்குறைய 1,640 மீட்டர், அதற்குக் கொஞ்சம் கீழே கிம்மல்வால்ட். வெங்கனுக்கு ஊட்டி ரயில் மாதிரி பற்சக்கரம் வைத்த ரயிலில்தான் போக முடியும், 1893இலிருந்து ஓடுகிறது. முர்ரனுக்கு கேபிள் காரும் சின்ன ரயிலும் மாறிப் போகலாம், அல்லது பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் ஷ்டெக்கல்பெர்க்கிலிருந்து கேபிள் காரில் போகலாம். வரைபடத்தில் வெங்கனும் முர்ரனும் கையெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் முழுக்கக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும்.

மே மாதத்தில் மலைமேல் வீடு பிடிப்பது

இதைத்தான் வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் யாராவது செய்கிறார்கள்.

ஆல்ப்ஸ் மலை ஊர்களுக்கு இரண்டு சீசன்தான். பனிச்சறுக்குக் காலம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் முதல் பாதியோடு முடிகிறது. கோடைக்காலம் ஜூனில் சூடு பிடித்து அக்டோபர் நடுவில் அடங்குகிறது. இந்த இரண்டுக்கும் இடையே விழும் வாரங்களில் மேலே இருக்கும் ஊர்கள் கிட்டத்தட்டக் கடையை மூடிவிடுகின்றன. கேபிள் கார்களின் வடத்தையும் பிரேக்கையும் சோதித்துப் பராமரிக்க அப்போதுதான் நேரம் கிடைக்கும், ஓட்டல்காரர்களும் ஊழியர்களும் விடுப்பு எடுப்பதும் அப்போதுதான். மலையும் அந்தச் சமயத்தில் எதற்கும் உதவாது. 2,000 மீட்டருக்கு மேலே பனி இன்னும் கிடக்கும், ஆனால் சறுக்கத் தோதில்லாத ஈரப் பனி. நடைபாதைகள் அதற்கு அடியில் கிடக்கும், சரிவுகளில் பனிச்சரிவு அபாயமும் உண்டு. வெங்கனுக்கு மேலே இருக்கும் மென்லிகனிலிருந்து கிளைனே ஷைடெக் வரை குழந்தைகள்கூட ஒன்றரை மணி நேரத்தில் நடக்கக்கூடிய பாதை இருக்கிறதே, எல்லோரும் படம் போடுவார்களே, அது திறக்க பெரும்பாலும் ஜூன் ஆகிவிடும்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறை எப்போது? ஏப்ரல் கடைசி, மே. அச்சு அசலாக அந்த இடைவெளிக்குள் போய் விழுகிறது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகள் குடும்பம் இப்படித்தான் மே முதல் வாரத்தில் முர்ரனில் போய் இறங்கியது. ஒரு டிராவல் ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த வீடு, பணம் திரும்பக் கிடைக்காத வகை. சாயங்காலம் போன் வந்தது: "அண்ணா, ஊர்ல ஆளே இல்ல. சாப்பிடப் போன இடத்திலெல்லாம் கதவுல பேப்பர் ஒட்டியிருக்கு." ஜெர்மனில் எழுதிய அந்தப் பேப்பரைப் படம் பிடித்து அனுப்பினாள். விடுமுறை, ஜூனில் சந்திப்போம் என்று இருந்தது. பையன் ஆசைப்பட்ட விளையாட்டுத் திடல் அல்மெண்ட்ஹூபலில் இருக்கிறது, அங்கே ஏறும் ரயில் நின்றிருந்தது. மேலே போகும் பாதைகளில் முழங்கால் வரை பனி. வீட்டுக்குள் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்றுவிட்டு, தினமும் காலையில் கீழே இறங்கி, இருட்டும் நேரத்தில் திரும்ப ஏறி வந்தார்கள். மலைமேல் தங்குவதற்காகக் கொடுத்த காசு முழுக்கக் கீழே இறங்கிப் போவதில் செலவானது. ஏஜென்டைக் கேட்டால், "மேடம், ஊர் திறந்துதானே இருந்தது?" என்றாராம். ஊருக்கு என்ன கேட்டா போட்டிருக்கிறார்கள், மூடி வைக்க?

எனக்கு எரிச்சல் வருவது குடும்பத்தின் மேல் இல்லை. இந்தத் தகவல் ஒளித்து வைத்தது போலக் கிடக்கிறது என்பதில்தான். வீட்டை வாடகைக்கு விடுபவருக்குத் தன் வீடு காலியாகக் கிடப்பதைவிட யாராவது வந்தால் நல்லது, அதனால் அவருடைய நாட்காட்டி வருடம் முழுக்கத் திறந்தே இருக்கும். படங்கள் ஜூலையில் எடுத்தவை. புகழ்ந்து எழுதியவர்கள் ஆகஸ்டில் போனவர்கள். விலையும் அந்த வாரங்களில் நன்றாக இறங்கியிருக்கும், அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் மயங்குகிறார்கள். மலைமேல் ஒரு வீடு திடீரென்று பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால், ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் கார்டை எடுக்க வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் வீட்டுக்காரரோ ஏஜென்டோ இல்லை. கேபிள் கார், மலை ரயில் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓடும், எப்போது பராமரிப்புக்கு நிற்கும் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் ஏற நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் ஒரே மலையில் ஒன்று ஓடும், பக்கத்தில் இருப்பது நிற்கும். 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் நிலையத்துக்குப் போகும் ரயில் வருடம் முழுக்க ஓடுகிறது, மே மாதத்திலும் போகலாம். வெங்கனிலிருந்து மென்லிகனுக்கு ஏறும் கேபிள் கார் அப்போது பெரும்பாலும் நின்றிருக்கும். "யுங்ஃபிராவ் திறந்திருக்கே, அப்போ எல்லாம் திறந்திருக்கும்" என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

அப்படியானால் மே மாதத்தில் போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம், மேலே தங்காதீர்கள், அவ்வளவுதான். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அடியில் அந்த மாதத்தில் புல்வெளி பச்சையாக, மஞ்சள் பூவாக இருக்கும். பனி உருகுவதால் அருவிகள் நன்றாகக் கொட்டும். ஷ்டாவ்பாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, பாறைக்கு உள்ளேயே விழும் ட்ரும்மல்பாக் அருவிகளும் ஏப்ரலில் திறந்துவிடுவார்கள். இன்டர்லாக்கனைச் சுற்றிய ஏரிக்கரை ஊர்களும் நல்ல தேர்வு, பிரியன்ஸ் மாதிரி. கட்டாயம் உயரத்தில்தான் தங்குவேன் என்றால் ஸெர்மாட் போங்கள், 1,600 மீட்டரில் இருக்கிறது, பனியாற்றில் கோடையிலும் சறுக்குகிறார்கள் என்பதால் மேலே ஏறும் கேபிள் கார் வருடம் முழுக்க ஓடுகிறது. அங்கேயும் மே மாதத்தில் பாதி ஓட்டல் மூடியிருக்கும், விலையும் சும்மா இருக்காது, அமைதியான குக்கிராமமும் இல்லை அது.

இதே கதைதான் இத்தாலியின் டோலமைட்ஸிலும். ஏப்ரலில் பனிச்சறுக்கு முடிந்து கேபிள் கார்கள் நின்றால் பெரும்பாலானவை மே கடைசியிலோ ஜூனிலோதான் மறுபடி ஓடும். நவம்பரில் இன்னொரு இடைவெளி. தீபாவளி லீவில் போகலாமா என்று கேட்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையில் நம் பள்ளி நாட்காட்டியில் ஆல்ப்ஸுக்குப் பொருந்தும் ஒரே விடுமுறை காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். கேபிள் கார்கள் ஓடும், ஜூலைக் கூட்டம் போயிருக்கும், வானமும் பல நாள் தெளிவாக இருக்கும். நாள் குறைவுதான், ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு முர்ரனில் வீடு பிடிக்கிறேன் என்றால் நானே உட்கார்ந்து தேடித் தருவேன்.

புகழ்பெற்ற படத்து ஊர்

ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் குடியிருப்பவர்கள் 800 பேருக்கும் குறைவு, பகலில் வந்து போகும் கூட்டத்தை நேரில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். படத்துக்காகவே போவதென்றால் காலையில் போய் எடுத்துவிட்டு வாருங்கள்.

வாடகைக் கார்

வெங்கனுக்கும் முர்ரனுக்கும் கார் போகாது. கீழே நிறுத்திவிட்டு, நிற்கும் காருக்கு வாடகையும் கட்டி, நிறுத்தியதற்குக் கட்டணமும் கட்டுவீர்கள்.

ஒரே ஒரு இரவு

மேகம் மூடினால் முடிந்தது கதை. குறைந்தது மூன்று இரவு.

தாத்தா பாட்டியோடு கிம்மல்வால்ட்

அழகான ஊர், சந்தேகமே இல்லை. கேபிள் காரில்தான் போக முடியும், சூப்பர் மார்க்கெட் கிடையாது, சந்துகள் எல்லாம் சரிவு. மூட்டுவலி இருப்பவரை அங்கே கூட்டிப் போனால் அவர் நாள் முழுக்க வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், நீங்கள் குற்ற உணர்ச்சியோடு சுற்றுவீர்கள். வெங்கனும் சரிவான ஊர்தான், அதனால் அங்கே ரயில் நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்தால் போதாது, மேலேயா கீழேயா என்றும் கேளுங்கள். "நிலையத்திலிருந்து 400 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள், அது பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறும் 400 மீட்டராக இருக்கும். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது லவுட்டர்புருன்னன் அல்லது பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் கிரிண்டல்வால்ட், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே.

வெயில் எந்தப் பக்கம் என்று கேட்காமல் இருப்பது

லவுட்டர்புருன்னன் குழிக்குள் இருக்கும் ஊர். பாறைச் சுவருக்குப் பின்னால் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும், குளிர்காலத்தில் சில மணி நேர வெயில்தான். வெங்கன் மேற்குப் பார்த்த மேடு என்பதால் சாயங்கால வெயில் அங்கே நிற்கும். முர்ரன் கிழக்குப் பார்த்தது, எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் மூன்றும் வரிசையாக நிற்கும். சாயங்காலம் உங்கள் ஊர் நிழலுக்குள் போன பிறகும் அந்தச் சிகரங்களில் வெளிச்சம் இருக்கும். இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஆனால் பால்கனி மலையைப் பார்க்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறதா என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கடைசி வண்டி

வெங்கனுக்கும் முர்ரனுக்கும் இரவு நேரம் வரை வண்டி உண்டு, பயப்பட வேண்டாம். உச்சியிலிருந்து இறங்கும் கேபிள் கார்களும் ரயில்களும்தான் சாயங்காலம் ஐந்து, ஆறு மணி வாக்கில் நின்றுவிடும். கடைசி வண்டி நேரத்தை ஏறும்போதே போன் கேமராவில் பிடித்துக்கொள்ளுங்கள். பலத்த காற்று அடித்தால் கேபிள் காரைப் பகலிலேயே நிறுத்திவிடுவார்கள், அப்போது வாதாடிப் பயனில்லை.

சமையலறை இருக்கிறது என்று நம்பி

வீடு எடுப்பதன் பாதி லாபம் சமைத்துச் சாப்பிடுவதில்தான். சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம் தினமும் ஓட்டலில் சாப்பிட்டால் டிக்கெட் செலவே சின்னதாகத் தெரியும். வெங்கனிலும் முர்ரனிலும் கூப் கடை உண்டு, அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். பருப்பும் மசாலாவும் கையோடு கொண்டுபோங்கள். மலை ஊர்க் கடைகள் சாயங்காலமே மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறப்பது சீசனைப் பொறுத்தது, அதனால் சனிக்கிழமை போய் இறங்குகிறவர்கள் வரும் வழியிலேயே வாங்கிவிடுவது நல்லது. அப்புறம், அடுப்பு மின் அடுப்பாகத்தான் இருக்கும், தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வாடகை விவரத்தில் கடைசி வரியில் சுத்தம் செய்யும் கட்டணம், ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி இரண்டும் தனியாக நிற்கும். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது அவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்த ஊர் வரியைக் கட்டினால் விருந்தினர் அட்டை ஒன்று தருவார்கள், அதில் உள்ளூர்ச் சலுகைகள் இருக்கும், வீட்டுக்காரர் தர மறந்தால் கேட்டு வாங்குங்கள்.