லாகெட்: கூபா ஆண்களின் நார்த்தொப்பி செய்வது எப்படி?

முதல் தொப்பியை என் தலைச்சுற்றளவு எடுத்துச் செய்தேன். அங்கேதான் தப்பு. லாகெட் காது வரை இறங்கும் தொப்பி இல்லை. உச்சந்தலையில் கிண்ணம் கவிழ்த்தது போல உட்காரும். கீழே விழாமல் பிடித்து வைப்பது ஒரு உலோக ஊசி.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் காசாய், சங்குரு ஆறுகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள் கூபா மக்கள். அங்கே ஒருவன் வளர்ந்த ஆண் என்பதற்கு அடையாளம் இந்தச் சின்னத் தொப்பி. பதவி கிடைத்தவர்கள் அதன் மேல் இறகு செருகுவார்கள். கழுகின் இறகு உயர்ந்த பதவிக்காரர்களுக்கு. அதனால் அழகுக்காகக்கூட இறகு வைக்காதீர்கள். வெறும் லாகெட்டே போதும்.

ராஃபியா பனையின் நார் வாங்குங்கள். அதே பெயரில் காகித நாடாவும் விற்கிறார்கள், தண்ணீர் பட்டால் கூழாகிவிடும். தைப்பதற்கு மழுங்கிய முனையுள்ள கோணி ஊசிதான் என் தேர்வு. கூர்மையானது நாரைக் கிழிக்கும்.

1. ஐந்து நாரைச் சேர்த்துப் பிடியுங்கள், இதுதான் உள்தண்டு. இன்னொரு நாரை நனைத்து ஊசியில் கோத்து, தண்டைச் சுற்றிச் சுற்றி ஒரு பொட்டு அளவு சுருளாக்குங்கள். பிரிமணை சுற்றிய கைக்கு இது சுலபம்.

2. தையல் நாரைப் புதுத் தண்டின் மேலாகக் கொண்டுவந்து, முந்தைய சுற்றின் தையலுக்குள் விட்டு இழுங்கள். வட்டம் பெரிதாகப் பெரிதாக, சில இடங்களில் ஒரே துளையில் இரண்டு தையல் போடுங்கள்.

3. என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது இந்த இடம். எவ்வளவு சுற்றினாலும் தட்டு மாதிரி விரிந்துகொண்டே போனது. இழுத்துத் தைத்தால் குவியும் என்று நினைத்தேன். ஓரம் நெளிந்ததுதான் மிச்சம். செய்ய வேண்டியது இதுதான்: வட்டத்தின் குறுக்களவு 12 செ.மீ. ஆனதும் இரட்டைத் தையலை நிறுத்துங்கள். அப்புறம் தண்டைப் பக்கவாட்டில் வைக்காமல், முந்தைய சுற்றின் தலைமேல் ஏற்றி வையுங்கள். இடது கட்டைவிரல் உள்ளேயிருந்து தாங்கட்டும். மூன்றாவது சுற்றிலேயே சுவர் எழும்புவது விரலில் தெரியும்.

4. உயரம் 8 செ.மீ. வந்ததும் தண்டில் ஒவ்வொரு நாராகக் குறைத்து முடியுங்கள்.

தொப்பியைப் பிடித்து வைக்கும் ஊசிக்கு 2 மி.மீ. பித்தளைக் கம்பியை வெட்டி, முனையை அரத்தால் உருட்டிவிடுங்கள். தொப்பியின் ஒரு பக்கம் நுழைந்து, முடிக்கற்றைக்குள் ஓடி, மறுபக்கம் வெளியே வர வேண்டும்.

பிற்சேர்க்கை: காய்ந்ததும் தையல் தளர்ந்துவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தண்டையும் ஊறவைத்திருப்பீர்கள். ஊறிய நார் பருத்திருக்கும், காய்ந்தால் சுருங்கும். தையல் நாரை மட்டும் நனையுங்கள்; தண்டுக்கு ஈரக்கையால் ஒரு தடவு தடவினால் போதும்.

கூபா அரசர்களின் மரச்சிற்பமான ந்தோப்பின் தலையில் இருப்பதும் லாகெட்டா என்று ஒருவர் கேட்டார். இல்லை. அது முன்பக்கம் பலகை போல நீண்டிருக்கும் அரசத் தலையணி.