மார்ஃபின் எடுப்பவரை வீட்டில் கவனிப்பது எப்படி?

புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் எடுப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதுதான். பாம்பனில் என் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில், வலி தணிந்துவிட்டதென்று நானாகவே நிறுத்தினேன். மறுநாள் அவருக்கு ஓயாத கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், கைகளில் புல்லரிப்பு, பிறகு வயிற்றுப்போக்கு. கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தோம்.

நடந்தது மூளைச் செல்லுக்குள். மார்ஃபின், நரம்புச் செல்லின் மேற்பரப்பில் உள்ள மியூ ஏற்பி என்னும் புரதத்தில் இணைந்து, உள்ளே அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை அடக்குகிறது. அந்த நொதி உண்டாக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு குறைந்து, வலிச்செய்தி தணிகிறது. இது நாட்கணக்கில் நீடிக்கும்போது செல் எதிர்த்திசையில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது: ஏற்பிகளில் சில மந்தமாகின்றன, சில உள்ளே இழுக்கப்பட்டு மீண்டும் மேலே வருகின்றன அல்லது சிதைக்கப்படுகின்றன, அடக்கப்பட்ட நொதியின் வேலையோ கூடுகிறது. இதில் புதிய புரத உற்பத்திக்கும் பங்குண்டு. சுண்டெலிகளுக்குப் புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்தபோது, மார்ஃபினுக்கான தாங்குதிறன் (உடல் பழகிவிட, அதே அளவு மருந்தின் பலன் குறைவது) வளர்வது தடைபட்டதை 1969-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாம்பன் கால்வாயின் நீரோட்டத்துக்கு எதிராகச் சுக்கானைச் சாய்த்துப் பிடித்திருக்கையில் நீரோட்டம் சட்டென நின்றால் வள்ளம் மறுபக்கம் திரும்புவதைப் போல, மருந்து நின்றதும் அந்த எதிர்ச்செயல் மட்டும் மிஞ்சுகிறது. அது அடங்கச் செல்லுக்கு நாட்கள் வேண்டும்.

ஆகவே அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் படிப்படியான முறையில் மட்டுமே நடக்க வேண்டும். மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை அல்லாத சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மதுரைக்கோ இராமநாதபுரத்துக்கோ செல்லும் நாளிலும் மாத்திரை கையில் இருக்கட்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் நாளாக ஆகச் சரியாவதில்லை. மலமிளக்கியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். சிறுநீர் குறைந்தால் உடனே தெரிவியுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தின் எச்சங்கள் உடலில் தேங்கும். மார்ஃபினோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது.

மூச்சு மிக மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உலுக்கியும் எழாவிட்டால் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் தரப்படும் நலாக்சோன், அதே ஏற்பியிலிருந்து மார்ஃபினை விலக்கி மூச்சை மீட்கும். ஆனால் அதன் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும் என்பதால், கண் விழித்துவிட்டாரே என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.