காயிலா, ஏரா? ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு சஸ்பென்ஷன் தேர்ந்தெடுப்பது எப்படி

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கப் போகிறவர்களும், இருக்கிற வண்டியை மாற்றி அமைக்க நினைப்பவர்களும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. கரடுமுரடான பாதைக்குக் காயில், சொகுசுக்கு ஏர் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். என் வண்டியின் பின் காயிலை மாற்றும் வேலையில் இறங்கியபோது நான் புரிந்துகொண்டது வேறு. முதலில் பார்க்க வேண்டியது சுமையை, பாதை அப்புறம். வண்டியில் ஏறும் எடை அடிக்கடி மாறுமா, மாறாதா என்று தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

காயில் என்பது வண்டியின் எடையைத் தாங்கும் இரும்புச் சுருள். அது துள்ளுவதை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஏர் சஸ்பென்ஷனில் இரும்புச் சுருள் இருக்கும் இடத்தில் காற்றடைத்த ரப்பர் பை இருக்கும். காற்றைத் தர ஒரு கம்ப்ரஸர், பிரித்து அனுப்ப வால்வ் பிளாக், உயரத்தைச் சொல்ல சென்சார்கள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர். இப்போதைக்கு இது போதும்.

படி 1: எடை போடுங்கள்

எடைமேடையில் முன் ஆக்சிலையும் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) பின் ஆக்சிலையும் தனித்தனியாக எடை போடுங்கள். காலி வண்டியாக ஒருமுறை, நீங்கள் வழக்கமாக ஏற்றும் முழுச் சுமையோடு ஒருமுறை. மொத்த எடை மட்டும் தெரிந்தால் பயனில்லை. டிரெய்லர் இழுப்பவர்கள் அதையும் மாட்டிக்கொண்டு போங்கள். கொக்கியில் 150 கிலோ அழுத்தினால் பின் ஆக்சிலில் 150-க்கும் மேல் ஏறும். கொக்கி ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் அது முன்பக்கத்தைத் தூக்கிவிடும். அங்கே குறையும் எடையும் பின்னால்தான் வந்து சேரும்.

ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தயாரிப்பாளர் ஓர் உச்ச எடை விதித்திருப்பார். எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும், எந்த ஏர் பேக்கைப் போட்டாலும் அந்த வரம்பு உயராது.

படி 2: உயரத்தை அளந்து பாருங்கள்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒவ்வோர் எண் வந்தது. அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

தரையிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு) விளிம்பு வரை அளக்காதீர்கள். டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து, நேர் மேலே இருக்கும் ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் டயர் கணக்கில் வராது. அடுத்து, வண்டியை ஜாக்கில் தூக்கி இறக்கிய உடனே அளக்கக் கூடாது. சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு, புஷ்கள் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) முறுக்கிக்கொண்டு, வண்டி தன் இயல்பான உயரத்துக்கு இறங்காமல் நிற்கும். சமதரையில் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு அளந்து பாருங்கள். நான்கு மூலைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சுமை ஏற்றிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள்.

இப்போது கணக்கு. பின் காயில் ஒன்றை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 3 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சேர்த்து 6 கிலோ. பின் ஆக்சிலில் 300 கிலோ கூடினால் வண்டி சுமார் 50 மி.மீ. இறங்கும். (காயில் நேராக ஆக்சில் மேலேயே உட்காரும் வண்டிக்கு இந்தக் கணக்கு. சக்கரங்கள் தனித்தனியே ஆடும் சஸ்பென்ஷனில் காயில் சக்கரத்திலிருந்து தள்ளி உட்காருவதால் கணக்கு மாறும்.) ஒரு மி.மீ. அமுக்க 4.5 கிலோ கேட்கும் காயில் போட்டால் 33 மி.மீ.தான் இறங்கும். ஆனால் சுமையை இறக்கிய மறுநாள் அதே காயில் காலி வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும்.

படி 3: முடிவெடுங்கள்

வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி), இரும்பு பம்பர், இரண்டாவது பேட்டரி, உள்ளே அலமாரி என்று சுமை நிரந்தரமாக வண்டியிலேயே இருந்தால், அந்த எடைக்கேற்ற காயில் போடுங்கள். அதற்குப் பொருந்துகிற ஷாக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடினமான காயில் திரும்ப எழும் வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது.

இன்று ஓட்டுநர் மட்டும், நாளை குடும்பமும் டிரெய்லரும் என்றால் ஏர்தான் சரி. சுமை ஏற ஏற பைக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூட ஸ்பிரிங்கின் கடினமும் கூடும். அதனால் காலியாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் வண்டியின் ஆட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், உயரமும் மாறாது. ஒரே காயிலால் இதைச் செய்ய முடியாது.

பாதை இதற்கு அப்புறம்தான் வருகிறது. 2020-இல் வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் ஏர் சஸ்பென்ஷன் வண்டியை 75 மி.மீ. உயர்த்தும், மிக மோசமான இடத்தில் இன்னும் 70 மி.மீ. தூக்கும், ஏறி இறங்க 50 மி.மீ. தாழ்த்தும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் எந்த ஏர் வண்டியிலும் உடலை உயர்த்தும்போது சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாக் தன் எல்லையில் போய் 'டக்'கென்று முட்டும். பாறை மேல் ஊர்ந்து போக அந்த உயரம் உதவும். அதே உயரத்தில் வேகமாக ஓட்டினால் இடுப்பு பேசும்.

உதவி கிடைக்காத இடங்களுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு என் பதில் காயில்தான். காயில் உடைந்தாலும் பெரும்பாலும் மெதுவாக ஊர் வந்து சேரலாம். காற்று மொத்தமும் போய்விட்டால் வண்டி பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷனின் கடைசி எல்லையில் இருக்கும் ரப்பர் கட்டை) மேல் உட்கார்ந்துவிடும். அப்படியே கரடுமுரடான பாதையில் ஓட்டுவது கொடுமை.

படி 4: பழைய ஏர் வண்டி வாங்குவதாக இருந்தால்

இரவு நிறுத்தும்போது நான்கு மூலைகளையும் அளந்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு என்று ஊகிக்கலாம். ஆனால் சில வண்டிகள் நிறுத்தியிருக்கும்போதே தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்றவற்றையும் இறக்கிவிடும். அப்போது சோப்புத் தண்ணீர்தான் வழி. வண்டியை உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்து, பையின் மடிப்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் முதலில் வெடிப்பது அந்த மடிப்பில்தான்.

சின்னக் கசிவுதானே என்று விடாதீர்கள். இழந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், சூடேறும், கடைசியில் எரியும். புதுக் கம்ப்ரஸர் போட்டுவிட்டுக் கசிவை அடைக்காவிட்டால் அதுவும் அதே வழியில் போகும். கம்ப்ரஸரோடு ட்ரையரையும் பாருங்கள். அது ஈரத்தை உறிஞ்சாமல் போனால் வால்வ் பிளாக்குக்குள் தண்ணீர் சேரும்.

கருவியில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன்: எல்லா வண்டிக்கும் பொதுவான மலிவு ஸ்கேனர் வேண்டாம். அவற்றில் பல எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரோடு பேசும், உங்கள் வண்டி நிறுவனத்துக்கென்றே செய்த கருவியை வாங்குங்கள்.

பின்சேர்க்கை 1: ஏர் வண்டியை ஜாக்கில் தூக்கியபோது பை மடங்கிக்கொண்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். சக்கரம் தொங்குவதைப் பார்த்து வண்டி உயரமாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் எண்ணி, பையிலிருந்து காற்றை வெளியேற்றிவிடும். இறக்கும்போது காற்றில்லாத பை தவறாக மடியும். தூக்குவதற்கு முன் கையேட்டில் சொன்னபடி ஜாக் மோடைப் போடுங்கள், இல்லையென்றால் சஸ்பென்ஷனை அணையுங்கள். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

பின்சேர்க்கை 2: காயிலுக்குள் செருகும் உதவி ஏர் பேக் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். எப்போதாவது மட்டும் சுமை ஏற்றுபவர்களுக்கு அது நல்ல நடுவழி. இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் திருப்பத்தில் வெளிப்பக்கப் பையின் காற்று உள்பக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். சுமை இல்லாதபோதும் பையைக் காலியாக விடக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அழுத்தம், பலவற்றில் 5 பி.எஸ்.ஐ., எப்போதும் இருக்கட்டும்.