நந்தி மலைப் பழக்கம் பாலியில் செல்லாது

நந்தி மலையில் காருக்குள்ளிருந்து குரங்குக்குப் பிஸ்கட் நீட்டிப் பழகிய கை, பெங்களூரை விட்டு விமானம் ஏறினாலும் சும்மா இருப்பதில்லை. வெளிநாட்டில் நம்மவர் செய்யும் முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 டாலர் வரை அபராதம். கையில் பிளாஸ்டிக் கவர் தொங்கினாலே உள்ளே தின்பண்டம் இருக்கிறது என்று அங்குள்ள குரங்குகள் கணக்குப் போட்டுவிடும். வாங்கியதை முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள்.

பாலியின் உலுவாத்து கோயில் குரங்குகள் இன்னும் கெட்டி. கண்ணாடியையும் போனையும் பிடுங்கிக்கொண்டு, தீனி கிடைத்தால்தான் திருப்பித் தரும். வளர்ந்த குரங்குகள் நமக்கு மதிப்புள்ள பொருளாகப் பார்த்தே எடுப்பதை 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. போனுக்காக இழுபறி செய்தால் கடி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுக் கோயில் பணியாளரைக் கூப்பிடுங்கள், பேரம் அவர்களுக்குத் தெரியும். முறைத்துப் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் குரங்குக்கு வம்பிழுப்பது மாதிரி. செல்ஃபிக்கு நாம் செய்வது இதைத்தான்.

கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு பெட்டாடின். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். ‘சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்பதுதான் ஆபத்தான தவறு. பாலியில் 2008 முதல் ரேபிஸ் இருக்கிறது, ஊசி அன்றே வேண்டும். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு, வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவை. அது எல்லா ஊரிலும் சட்டென்று கிடைக்காது. கிளம்பும் முன்பே 0 (முதல் ஊசி போடும் நாள்), 7, 21 ஆகிய நாட்களில் ஊசி போட்டு முடித்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கடித்த அன்றும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் ஊசி போட்டால் போதும். ஆகவே ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கடித்தது குரங்கு என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குரங்குக் கடியால் தொற்றக்கூடிய ஹெர்பெஸ் பி வைரஸுக்குத் தனி மருந்து உண்டு. ஊசியின் பெயர், தேதி, தசையில் போட்டதா தோலிலா என்பதை எழுதி வாங்கி வந்தால் இங்கே மிச்ச ஊசியைக் குழப்பமில்லாமல் தொடரலாம்.

ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்தால் விதி தலைகீழ்: கழுவவே கூடாது. தோலில் ஒட்டிய விஷம் எந்த வகைப் பாம்பு என்று கண்டுபிடிக்க உதவும். கை அல்லது கால் முழுவதும் எலாஸ்டிக் பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றி, அசைக்காமல் வைத்து 000-க்கு அழையுங்கள். நம்மூர்க் கண்ணாடி விரியன் கடிக்கு இந்தக் கட்டைப் போட்டுவிடாதீர்கள். விஷம் ஓரிடத்தில் தேங்கிச் சதையை அழித்துவிடும். ஆஸ்திரேலிய வௌவாலையும் தொடக் கூடாது, ரேபிஸுக்கு நெருங்கிய வைரஸ் அதனிடம் உண்டு.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் காட்டெருமையிடமிருந்து 23 மீட்டர், கரடியிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பெங்களூர் நகரில் ஓடும் இரண்டு பி.எம்.டி.சி. பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம்தான் அந்த 23. சாதுவாக மேய்கிறதே என்று கிட்டே போகாதீர்கள். மனிதனைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். வால் மேலே எழும்பினால் போட்டோவை விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள்.